படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

நாமகிரிப்பேட்டையின் நிறம் மஞ்சள். செவ்வாய்க்கிழமைகளில் ஆர்.சி.எம்.எஸ். என்னும் கூட்டுறவு விற்பனைச் சங்கக் கிளையில் ஏலம் நடக்கும்போது வந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. விரலி, உருண்டை, பனங்காலி என்று தரம் பிரித்து மூட்டைகள் நிற்கும். ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த வியாபாரிகள் ஒரு விரலியை எடுத்து ஒடித்து உள்நிறத்தைப் பார்ப்பார்கள். மூட்டை தூக்குகிறவர்களின் வேட்டி, புருவம், கழுத்து மடிப்பு எல்லாவற்றிலும் மஞ்சள் தூள் ஏறியிருக்கும். மாசி, பங்குனியில் கிழங்கு வேகவைக்கும் காலத்தில் ராசிபுரம் சாலையில் பஸ்ஸில் வந்தாலே ஊர் நெருங்குவது மூக்குக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் ஊரின் பழைய போட்டோக்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவை எல்லாமே கருப்பு வெள்ளை. மஞ்சளை விளைவித்து, மஞ்சளை விற்று, மஞ்சள் பூசிக் குளித்து வாழ்ந்த ஊருக்கு அந்த நிறமே இல்லாத ஞாபகம்தான் மிஞ்சியிருக்கிறது என்று முதலில் தோன்றியது. படங்களை அருகருகே வைத்துப் பார்க்கப் பார்க்க வேறொன்று தெரிந்தது. மஞ்சள் அவற்றில் இருக்கிறது. ஒரு காலத்துப் படத்தில் கருப்பாகவும் இன்னொரு காலத்துப் படத்தில் வெளுப்பாகவும் இருக்கிறது.

எங்கள் அப்பாயியின் படம் 1940களின் கடைசியில், கல்யாணமான புதிதில், சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் கண்ணாடித் தகட்டில் எடுத்தது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அப்பாயி பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் திரையில் மாளிகைப் படிக்கட்டும் ஒரு ஏரியும். தாத்தாவின் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. அப்பாயியின் கன்னங்களும் நெற்றியும் புகை படிந்ததுபோல் கறுத்திருக்கின்றன. குங்குமப் பொட்டு முழுக் கருப்பு. கைகள் மட்டும் தாத்தாவின் நிறத்திலேயே இருக்கின்றன. அவளைப் பார்க்காமல் வளர்ந்த பேரப் பிள்ளைகள் இந்தப் படத்தை வைத்து அவளைக் கறுப்பி என்றே நினைத்திருந்தார்கள்.

காரணம் தகட்டின் பூச்சில் இருக்கிறது. வெள்ளி உப்பு இயல்பாகவே நீல ஒளிக்குத்தான் வேகமாக இணங்கும். சாயம் சேர்த்துப் பச்சை வரை அதைப் பழக்கினார்கள். அந்தத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்தது. மஞ்சளோ நீலத்தை விழுங்கிவிடும் பொருள். நீலத்தை நம்பியிருக்கும் தகட்டின் முன்னால் மஞ்சள் பூசிய முகம் வந்து நின்றால், அந்த முகத்திலிருந்து தகட்டுக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் குறைவு. படத்தில் முகம் கறுத்துவிடும். அன்றைய படக்காரர்கள் ரசாயனம் படிக்காவிட்டாலும் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அப்பாயியிடமும் சொல்லியிருக்கிறார்கள். பின்னாளில் அவள் அதைக் கோபம் குறையாமல் சொல்லுவாள்: "மூஞ்சி கழுவிட்டு வாம்மான்னான். புதுப்பொண்ணு மஞ்சளை எதுக்குக் கழுவோணும்? எடுத்தா எடு, இல்லீன்னா போன்னுட்டேன்."

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கறுப்புதான். திரையும் நாற்காலியும் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். தாத்தா போட்டிருக்கும் கோட்டும் ஸ்டூடியோவில் வாடகைக்கு மாட்டிவிட்டதாகத்தான் இருக்க வேண்டும், தோள்பட்டை அவருக்குப் பெரிதாகத் தொங்குகிறது. அவள் வீட்டிலிருந்து கொண்டு வந்தது முகத்தில் பூசிய மஞ்சள் ஒன்றுதான். அதை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

பழைய போட்டோக்களில் அந்தக் கால அன்றாட வாழ்க்கையைப் பார்க்கலாம் என்று பலரும் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அன்றாடத்தைக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்துத் தலைவாரி, வெளியே நிறுத்திவிட்டு எடுத்த படங்கள் அவை. ஒரு குடும்பம் ஸ்டூடியோவுக்குப் போக ஒரு நாள் கூலியோ ஒரு நாள் வேலையோ போகும். பஸ் சத்தம் தனி. கல்யாணம், காதுகுத்து, பட்டாளத்துக்குப் போகும் மகன், பெண் பார்க்க அனுப்பும் படம் என்று ஒரு காரணம் வேண்டும். களை எடுக்கிற கையையும் பானை வைத்த அடுப்பையும் எடுக்க யாரும் ஃபிலிம் வாங்கவில்லை. இருந்தும் அன்றாடம் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. பட்டுச் சேலைக்குக் கீழே வெடித்த குதிகால். பிளாஸ்டிக் பூச்சாடியைத் தொடும் விரலில் கத்திக் காயத்துக்குச் சுற்றிய துணி. ஆடாதே என்று சொல்லியும் தலையைத் திருப்பிவிட்ட குழந்தையின் கலங்கிய முகம். படக்காரரால் ஒதுக்க முடியாமல் போனவற்றில்தான் அந்த வாழ்க்கை இருக்கிறது.

ஒதுக்குவது இந்தக் கலையோடு தொடக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. எங்கள் ஊரும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தை முதலில் படமெடுத்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. 1856இல் சென்னை அரசின் படக்காரராக நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வந்தன. அவற்றில் ஒன்று ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும். மெழுகிட்ட காகிதத்தில் நெகட்டிவ் எடுத்தவர் அவர். அதற்கு நெடுநேரம் வெளிச்சம் வேண்டும், நடமாடுகிறவர் எவரும் அதில் பதியமாட்டார். அரசுக்கும் கோட்டையும் கோயிலும் பாறையும்தான் தேவைப்பட்டன. அதனால் எங்கள் மாவட்டத்தின் மிகப் பழைய படங்களில் கல் இருக்கிறது, ஆள் இல்லை. டிரைப் தன் நெகட்டிவ்களில் வெறுமையாக விழுந்த வானத்துக்குத் தூரிகையால் மேகம் தீட்டியவரும்கூட. பிற்கால ஸ்டூடியோக்களில் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு நெகட்டிவில் அம்மைத் தழும்பை மறைத்த 'டச்சிங்' வேலைக்காரர்கள் அவருடைய வழியில் வந்தவர்கள்தான். செலவு தாங்காது என்று 1859இல் அரசு டிரைப்பின் வேலையை நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ பத்தாண்டுகள் கழித்துத்தான் சாதாரணக் குடும்பம் கேமராவின் முன்னால் வந்தது. இடைக்காலத்தில் முகத்தைப் பதித்து வைக்க விரும்பியவர்களுக்கு ஓவியர்கள் இருந்தார்கள். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையும் ஒரு காலத்தில் உருவப்படம் வரைந்து பிழைத்தவர். நெருக்கமாக உட்கார்ந்து முகத்தைப் பார்த்தவர் அவர். ஓவியர் பார்ப்பதற்கும் தகடு பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு, ஓவியர் கூலி கொடுத்தவரை மட்டும் வரைவார் என்பது. தகடு எதிரில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். நான் சொல்ல வந்த விஷயமே இதில்தான் இருக்கிறது.

என் சித்தப்பாவிடம் அக்ஃபா கிளிக் கேமரா ஒன்று இருந்தது. பரோடாவில் ஒரு கம்பெனி தயாரித்தது, கருப்புப் பெட்டி, 120 ஃபிலிம், ஒரு சுருளுக்கு 12 சதுரப் படம். ஊட்டியில் 1960இல் மத்திய அரசு இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸைத் தொடங்கியது. 1967இல் உற்பத்தி ஆரம்பித்து, 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் கடைகளுக்கு வந்தன. நீலகிரி மலையில் செய்த ஃபிலிம், கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு விவசாயி வீட்டுப் பையன் கையில் கிடைத்த காலம் அது. சித்தப்பா ஒரு சுருளைப் பொங்கலுக்குத் தொடங்கினால் ஆடி வரைக்கும் வைத்திருப்பார். கன்றுக்குட்டி, கிணற்றில் புதிதாக இறக்கிய மோட்டார், திருவிழா, பெண்கள் தலையில் பூ வைத்த நாள். அவர் படம் எடுக்கக் கற்றவர் இல்லை. தலை வெட்டுப்படும், அடிவானம் சாயும். ஆனால் திரைச்சீலை இல்லாமல் எங்கள் ஊரை எடுத்தவர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

அந்தச் சுருள்களில் ஒன்றில் மஞ்சள் களம் இருக்கிறது. வேகவைத்த கிழங்கைப் பரப்பி உலர்த்தியிருக்கிறார்கள். அது எல்லா நிறத்துக்கும் இணங்கும் பிற்கால ஃபிலிம், அதனால் குவியல் வெளிறிய சாம்பலாக, ஏறத்தாழ வெள்ளையாக விழுந்திருக்கிறது. அப்பாயியின் முகத்தில் கறுத்த அதே பொருள். குவியலுக்குப் பின்னால் குடும்பம் நிற்கிறது. அப்பா, அத்தை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். எங்கள் ஆல்பத்தில் அந்தப் பிரிண்ட் நெடுக்குவாட்டில் ஒட்டியிருக்கும். வலது ஓரத்தில் ஒரு பெண்ணின் கையும் தோளும் மட்டும் தெரியும். கொப்பரைக்கு அடியில் தீ தள்ளுகிறாள். யார் என்று யாரும் கேட்டதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் நெகட்டிவ் கிடைத்தது. கடையில் கொடுத்த காகித உறையிலேயே, தகரப்பெட்டிக்கு அடியில். நெகட்டிவ் சதுரம், பிரிண்ட் தாள் நீளவாட்டு. சதுரத்தை நீளத்தாளில் போட வேண்டுமானால் இரண்டு பக்கமும் கொஞ்சம் போக வேண்டும். பிரிண்ட் போட்டவர் குடும்பத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஓரத்தை விட்டுவிட்டார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, காசு கொடுத்தவர்கள் நடுவில்தானே நிற்கிறார்கள். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பெண் முழுதாக இருக்கிறாள். தலையில் முண்டாசாகச் சுற்றிய துணி, முன்னால் சாய்ந்த உடம்பு, திரும்பிக் கேமராவைப் பார்க்கும் முகம். அந்த முகத்தில் பயமும் கூச்சமும் இல்லை. வேலையின் நடுவில் யாரோ கூப்பிட்டால் ஒருவர் எப்படித் திரும்புவாரோ, அப்படித் திரும்பியிருக்கிறாள். எங்கள் குடும்பத்துப் படங்கள் எல்லாவற்றிலும் இயல்பான முகம் அது ஒன்றுதான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை ஒரு தாளின் அளவு மறைத்து வைத்திருந்தது.

எங்கள் களத்தில் பல வருஷம் வேலை செய்தவர் அந்தப் பெண். அவருடைய பேரன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறார். ஊருக்கு வந்திருந்தபோது ஸ்கேன் செய்த படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க ஆயாங்க" என்றார். வீட்டில் அவருக்குப் படமே கிடையாது. "சாவுக்குக்கூட எடுக்கலைங்க. எங்கப்பா அதையே சொல்லிச் சொல்லி அழுவாரு."

அவர்கள் குடியிருப்பு ஊருக்கு வெளியே இருந்தது. சித்தப்பாவின் கேமரா அங்கே போனதில்லை. சுருளில் மிச்சமிருந்த படங்களைக் கன்றுக்குட்டிக்குச் செலவழித்திருக்கிறார், அந்தத் தெருவுக்கு ஒன்றும் இல்லை. ஸ்டூடியோவுக்குப் போவதென்றாலும் காசு ஒன்றே தடையாக இருந்த காலமில்லை அது. கூலி வேலை செய்த எத்தனையோ பேருக்கு வாழ்நாளின் முதல் படம் 1993க்குப் பிறகு வாக்காளர் அடையாள அட்டைக்காக எடுத்ததுதான். இன்று எங்கள் பக்கத்து வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கும் பெரிய படங்களை உற்றுப் பார்த்தால் தெரியும், அந்த அட்டையிலிருந்து பெருக்கி, சேலைக்கு நிறம் ஏற்றி, பின்னால் நீலம் பூசியவை பல. அந்த அட்டை வருவதற்கு முன்பே இறந்துபோனவர்களுக்கு அதுவும் இல்லை. இந்தப் பெண் அப்படி இறந்தவர்.

நெகட்டிவின் ஓரத்தை மட்டும் பெருக்கிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். துகள் துகளாகத்தான் வந்தது. சட்டம் போடுவதற்கு முன் பேரன் ஒன்று கேட்டார்: கொப்பரையையும் சேர்த்தே வைக்க முடியுமா? முகத்தை மட்டும் வெட்டினால் இன்னும் தெளிவாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். பேரன் சம்மதிக்கவில்லை. கொப்பரையோடு, தீயோடு, முண்டாசோடுதான் அந்தப் படம் அவர்கள் வீட்டில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் பிரிண்ட்களைவிட நெகட்டிவ்களைத்தான் தேடுகிறேன். கிடைப்பது அரிது. சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர். பட்டறைகளில் தரையைக் கூட்டிய மண்ணிலிருந்துகூட வெள்ளியைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே உண்டு. போட்டோவும் வெள்ளிதான். படக்காரர்கள் மூடிய கடைகளிலிருந்து நெகட்டிவ்கள் எடைக்குப் போயின. கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கழுவிச் சட்டத்துக்குக் கண்ணாடியாகப் போட்ட கதைகளும் பல ஊரில் உண்டு. வெள்ளி மிஞ்சியது, முகங்கள் போய்விட்டன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயே ஹெட்லியும் உடன் பணியாற்றியவர்களும் 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி எண்வடிவமாக்கினார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்கு உதவியது. மாளிகைத் திரைகளும் வாடகைக் கோட்டுகளும் ஆய்வுக்குரியவை என்று நம்மை நிமிர்ந்து பார்க்க வைத்த வேலை அது. நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஸ்டூடியோவுக்குள் வராதவர்களை ஸ்டூடியோ ஆவணத்தில் தேட முடியாது. அவர்கள் இருந்தால் சித்தப்பாவைப் போன்றவர்களின் கோணலான சுருள்களில்தான் இருப்பார்கள், அதுவும் ஓரத்தில்.

கல்யாண ஆல்பங்களையும் இப்படிப் பார்க்கலாம். நாதஸ்வரத்தில் எங்கள் ஊர்ப் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனவர் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். அந்த ஊரிலேயே, 1960கள், 70களின் கல்யாணப் படங்களில் மேளக்காரர்கள் முழுதாக இருக்கும் படம் மிகக் குறைவு. தாலி கட்டும் படத்தில் இடது மூலையிலிருந்து நாதஸ்வரத்தின் அணசு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். தவிலின் பாதி வட்டம் தெரியும், வாசிப்பவர் இல்லை. அந்தக் கூடத்தை நிறைத்தது அவர்களுடைய சத்தம்தான். அது பதிவாகாது, சரி. முகமாவது பதிந்திருக்கலாம்.

படங்கள் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது சில காரியங்கள்தான். நெகட்டிவ் இருந்தால் ஓரத்துக் கருப்பு வரைக்கும் முழுதாக ஸ்கேன் செய்யுங்கள், எதையும் வெட்டாதீர்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பங்களிலிருந்து எடுத்துச் சாதாரணக் காகித உறையில் வையுங்கள். கருப்பு வெள்ளைப் படம் எளிதில் அழியாது. 80களின் கலர்ப் படங்கள் சாயத்தால் ஆனவை, வெளுத்துப்போய்விட்டன. வெள்ளியால் ஆன அப்பாயியின் படம் அப்படியே இருக்கிறது. ஹைப்போ ரசாயனத்தைச் சரியாகக் கழுவாத பிரிண்ட்கள் மட்டும் பழுப்பேறும். முக்கியமாக, பின்புறம் பென்சிலால் பெயரை எழுதுங்கள். உங்கள் வீட்டார் பெயரை எழுதிவிட்டு நிறுத்தாமல், ஓரத்தில் நிற்பவரின் பெயரையும் விசாரித்து எழுதுங்கள்.

பிறகு காட்டுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, ஊர்ப் பெரியவர்களுக்கு, அப்போது கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு. நான் பிரிண்ட்களை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு சீராப்பள்ளி, மெட்டாலா, ஆயில்பட்டிப் பக்கம் போவதுண்டு. முகத்தை வைத்து அடையாளம் சொல்கிறவர்கள் குறைவு. ஆண்கள் மாட்டை வைத்துச் சொல்கிறார்கள், இந்தக் கொம்பு இன்னார் வீட்டு மாட்டுக் கொம்பு, அப்படியானால் பிடித்திருப்பது அவர் பண்ணையாள் என்று. பெண்கள் காதுத் தோட்டை வைத்து, சேலை கட்டிய விதத்தை வைத்து, இடுப்பில் இருக்கும் பிள்ளையை வைத்துச் சொல்கிறார்கள். சித்தப்பாவின் இன்னொரு படத்தில் மோட்டார் இறக்கும் கிணற்றடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறேழு பேர் இருக்கிறார்கள். நான்கு பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. கடைசியில் நிற்கும் இளைஞர் போதமலையிலிருந்து இறங்கி வந்து வேலை செய்தவர் என்று ஒரு பாட்டி சொல்கிறார். இல்லை, மங்களபுரத்துக்காரர், பின்னாளில் தறி ஓட்டப் போனவர் என்கிறார் அந்தப் பாட்டியின் தம்பி. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். மங்களபுரத்தில் இன்னும் கேட்கவில்லை.